ஓடாமலே தேயும் வண்டிகள்

என் தங்கை மகன் சரக்குக் கப்பலில் பணி புரிகிறவன். நெடுநாள் ஆசைப்பட்டு ஒரு புதிய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதில் ஊரைச் சுற்றிப் பார்த்த மகிழ்ச்சி தீருமுன்பே கப்பலேறும்படி உத்தரவு வந்துவிட்டதால், தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் கடலைப் பார்த்த வீட்டுத் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்தி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, சாவியைத் தாயாரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பதினான்கு மாதங்கள் கழித்துத் திரும்பி வந்து அந்த உறையை நீக்கியபோது, செயின் கட்டையாக இறுகிக் கிடந்தது. மிதித்த பிரேக் மேலே எழும்பாமல் மிதித்த இடத்திலேயே நின்றது. சைலன்ஸரின் அடிப்பாகத்தை விரலால் அழுத்தினால் தகடு பொடிந்து உதிர்ந்தது. மீட்டர் காட்டிய தூரமோ 1,200 கிலோமீட்டர்கூட இல்லை. வண்டியை நாங்கள் தள்ளிக்கொண்டு போன பட்டறையில், முப்பது ஆண்டுகளாக இவ்வூர் வண்டிகளைப் பிரித்துப் பூட்டி வரும் முதிய மெக்கானிக் ஒருவர், குந்தியமர்ந்து அதை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது ஓடித் தேஞ்ச வண்டி இல்ல, நின்னே தேஞ்ச வண்டி" என்றார்.

இக்கடற்கரையில் வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய சித்தாந்தம் முழுவதும் அவருடைய அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வாகனத்தோடு கொடுக்கப்படும் கையேடு, எண்ணெயை இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்று, செயினை இத்தனை நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை சரிபார் என்று தூரத்தைப் பிரமாணமாக வைத்தே பேசுகிறது; இத்தனை மாதங்களுக்கு ஒருமுறை என்ற மாற்றுக் குறிப்பு பக்கத்திலேயே இருந்தாலும், அதைப் படிப்பவர் சிலர், படித்தபடி நடப்பவர் அவரினும் சிலர். கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ ஓடுகிற வண்டிக்கு அந்தத் தூரக் கணக்கு பெரும்பாலும் போதும். கடலோ நாம் எவ்வளவு தூரம் போனோம் என்று கேட்பதில்லை. எத்தனை நாள் தன் பக்கத்தில் இருந்தோம் என்று மட்டுமே கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆகையால், கடலோரத்தில் வாகனப் பராமரிப்பு நாட்கணக்காக அமைய வேண்டும் என்பதும், அந்தக் கணக்கைத் தீர்த்த பிறகே அலங்காரத்துக்கு ஒரு ரூபாய் செலவழிப்பது நியாயம் என்பதும் என் துணிபு.

துருவின் காரணத்தைச் சிறிது விளக்கமாகவே பார்ப்போம். இரும்பு துருப்பிடிப்பதற்குக் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஈரமும் போதும். ஆனால் அந்த ஈரத்தில் உப்பு கரைந்திருக்குமாயின், அது மின்சாரத்தை எளிதில் கடத்தும் திரவமாகி, துருப்பிடிக்கும் வேகத்தைப் பன்மடங்கு பெருக்குகிறது. உப்பிலுள்ள குளோரைடோ, உலோகத்தின் மேல் இயற்கையாகவே படிந்திருக்கும் மெல்லிய காப்புப் படலத்தையும் துளைத்துவிடுவதால், துருப்பிடிக்காது என்று நாம் நம்பியிருக்கும் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தை எட்டியதும் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அளத்தில் உப்பை வாரிய பிறகு எஞ்சுகிற கசப்பு நீரில் மிகுந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு, ஈரப்பதம் 33 சதவீதம் அளவில் இருக்கும்போதே நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கசப்பு நீர் ஒருமுறை தெறித்துவிட்டால், சித்திரை மாதத்து நடுப்பகலிலும் அந்த இரும்பு முற்றிலும் உலர்வதில்லை. கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரிகிற செயினின் உள்ளே துரு தன் வேலையை இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கும்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிகமாக உப்பு விளைவிக்கும் மாநிலம் தமிழ்நாடு. அவ்வுப்பில் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமையில் விளைவது. வேம்பார் தொடங்கித் தருவைக்குளம், முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி என்று கரையோரமாக நீளும் அளங்களுக்கு நடுவிலேயே நம் சாலைகள் செல்கின்றன. கொண்டல் என்னும் கீழைக்காற்று வீசினால் கடலின் ஈரமும், கச்சான் என்னும் மேலைக்காற்று வீசினால் அளத்தின் தூசியும் வண்டியின் மேல் படிகின்றன. ஈரம் உலராத உப்பை ஏற்றிச் செல்லும் லாரிகளிலிருந்தும், மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளிலிருந்தும் ஒழுகும் நீர் பின்னால் வருகிறவனின் சக்கரத்தில் பட்டுத் தெறிக்கிறது. இவ்வளவு உப்பிலும் நாள் தவறாமல் புழங்கும் வாகனங்கள் யாருடையவை என்று பார்த்தால், அவை பெரும்பாலும் எளியவர்களுடையவை. விடியுமுன் மீன் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்நாட்டுக் கிராமங்களுக்கு விரையும் வியாபாரியும், கணவன் வண்டியை ஓட்டப் பின்னால் அமர்ந்து உப்பளத்துக்குப் போகும் பெண்ணும், முறைவேலைக்குத் துறைமுகத்துக்கும் அனல் மின்நிலையத்துக்கும் செல்லும் தொழிலாளியும், வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலியை இழப்பவர்கள். திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய தொழிற்குடும்பத்திலிருந்து 1980 இல் வெளிவந்த டிவிஎஸ் 50 என்னும் சிறிய வண்டியும், அதன் வழிவந்த எக்ஸ்எல் வண்டிகளும், இக்கடற்கரையில் மாட்டு வண்டியின் இடத்தையும் தலைச்சுமையின் இடத்தையும் ஒருங்கே எடுத்துக்கொண்டன. ஒரு குடும்பத்தின் ஜீவனத்துக்கு ஆதாரமாகிவிட்ட அந்த இயந்திரத்தைத் துருவுக்கு ஒப்புக்கொடுப்பது, நிலத்தை உவருக்கு ஒப்புக்கொடுப்பதற்குச் சமானமான நஷ்டமாகும்.

இதில் என்னை வருத்துவது யாதெனில், இவ்வூருக்குப் புதியதல்லாத பராமரிப்பு என்னும் கலையை நாம் மறந்துவிட்டோம் என்பதே. பாய்மரத் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிய காலத்தில், தோணியைக் கரையேற்றி, பலகைகளின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றுப் பார்த்து, அடிப்பாகத்துக்கு எண்ணெய் பூசாமல் தோணியின் தலைவனான எந்தத் தண்டலும் அடுத்த பயணத்துக்குப் பாய் விரித்ததில்லை. தோணி எத்தனை கடல் மைல் ஓடியது என்று அவர்கள் பார்க்கவில்லை, தண்ணீரில் எத்தனை மாதம் கிடந்தது என்றே பார்த்தார்கள். முத்துக்குளிப்பிலும் அதே ஜாக்கிரதை இருந்தது. கடலடியில் சிப்பிகள் வளரும் திட்டுகளான பார்களை முன்கூட்டியே ஆராய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்த்து, அவை பருவமடைந்தன என்று நிச்சயமானால் மட்டுமே அரசாங்கம் முத்துக்குளிப்பை அறிவித்தது. நிச்சயமாகாவிடில் ஆண்டுகள் பலவானாலும் காத்திருந்தது. மூழ்குகிறவனின் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இன்றும் சொல்வதுண்டு; தங்கையின் தாலிக்காகவேனும் அவன் கயிற்றைக் கவனமாகப் பார்த்துக்கொள்வான் என்பது அதன் தாத்பரியம். 1961 ஆம் ஆண்டுக்குப் பிறகு இக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் உயிர் எந்தக் கருவியை நம்பித் தொங்குகிறதோ அந்தக் கருவியைப் புறப்படுமுன் தொட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கம், முத்தோடு சேர்ந்து மறைய வேண்டிய அவசியம் இல்லை.

வண்டிக்குச் செய்ய வேண்டிய முதற்காரியம் கழுவுதல். இதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும் என்று எண்ணி, தண்ணீர்க் கஷ்டம் உள்ள ஊரில் இது நடக்கிற காரியமா என்று கேட்பவர் உண்டு. ஒரு வாளி நல்ல தண்ணீரும் இரண்டு பழந்துணிகளும் போதும். ஒன்றை நனைத்துத் துடைத்து, மற்றொன்றால் உலர்த்தினால், உலோகத்தின் மேல் படிந்த உப்பில் பெரும்பகுதி போய்விடும். தண்ணீர் நல்ல தண்ணீராக இருப்பது அவசியம். கடலோரத் தெருக்கள் பலவற்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உவர் நீராக இருப்பதால், அதைக் கொண்டு கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகவே முடியும். வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரில் வாரத்துக்கு ஒரு வாளியை வண்டிக்கு ஒதுக்குவது, பிறகு உதிரிப் பாகங்களுக்குக் கொடுக்கும் பணத்தை நினைத்தால், ஊதாரித்தனம் ஆகாது. கழுவியபின் இரண்டு நிமிடம் வண்டியை ஓட்டி, பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து உலர்த்திவிட்டு நிறுத்த வேண்டும். ஈர வண்டியின் மேல் பிளாஸ்டிக் உறையைப் போர்த்துவது, என் தங்கை மகன் செய்ததைப்போல, ஈரத்தை உள்ளேயே சிறைவைப்பதாகும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது.

இரண்டாவது செயின். இயந்திரத்தின் சக்தி முழுவதையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்க்கும் இந்தச் சங்கிலி, வண்டியின் உறுப்புகளுள் உப்புக்கு முதலில் இரையாவது. மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் அழுக்கை நீக்கி, துணியால் துடைத்து, கெட்டியான 90 ஆம் எண் கியர் ஆயிலைச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி விழும்படி இட்டு, மிகுந்ததைத் துடைத்தெடுப்பது அரைமணி நேர வேலை. பெட்ரோலால் கழுவலாகாது, கண்ணிகளுக்கு இடையே ரப்பர் வளையம் உள்ள செயின்களில் அது ரப்பரைக் கெடுத்துவிடும். உள்நாட்டில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்யும் இவ்வேலையை, இங்கே வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பத்து நாட்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். அன்றாட வண்டிகளில் செயினின் தொய்வு பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்குமேல் தளர்ந்தால் ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கூராகித் தேயும், ஓடும்போதே செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும் அபாயமும் உண்டு. முழுச் செயின் கவர் உள்ள வண்டிகளை அழகில்லை என்று இளைஞர்கள் ஒதுக்குகிறார்கள். உப்பளச் சாலையில் போகிறவனுக்கு அந்தத் தகட்டுக் கவரைவிடப் பெரிய உபகாரம் செய்யக்கூடிய உறுப்பு வேறில்லை.

மூன்றாவது பிரேக். டிரம் பிரேக்கினுள் லைனிங்கை விரித்துக் கொடுக்கும் கேம் என்னும் சிறிய இரும்புத் தண்டு துருவேறினால், பிடித்த பிரேக் விடாது, அல்லது பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, அந்தத் தண்டைச் சுத்தம் செய்து, லைனிங்கில் படாதபடி சிறிது கிரீஸ் இடச் சொல்ல வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையதாகையால், குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். இவ்விஷயத்தில் எனக்கு நேர்ந்த அனுபவத்தைச் சொல்வது வாசகருக்குப் பிரயோஜனப்படலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாட்டர் வாஷ் நிலையத்தில் என் வண்டியைக் கொடுத்தேன். அவர்கள் வேகமான நீர்த்தாரையைச் சக்கரத்தின் நடுவிலேயே பாய்ச்சி, பிறகு துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பழைய என்ஜின் ஆயிலை டீசலோடு கலந்து அடிப்பாகம் முழுவதும் தெளித்து அனுப்பினார்கள். வண்டி பளபளவென்றிருந்தது; நானும் மகிழ்ந்து கூலி கொடுத்தேன். மறுநாள் காலை ரயில்வே கேட்டை நெருங்கும்போது பிரேக்கை மிதித்தால், எண்ணெயில் ஊறிய லைனிங் வழுக்கிக்கொண்டே போயிற்று. முன் பிரேக்கின் உதவியால் தப்பினேன். பின்னால் என் மனைவி அமர்ந்திருந்தாள் என்பதை நினைக்கையில் இன்றும் என் கை நடுங்குகிறது. பாதுகாப்பு என்று நாம் எண்ணிச் செய்வது அறிவோடு செய்யப்படாவிட்டால், அதுவே அபாயமாகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். டயரின் காற்றை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன், செயின் கவரிலோ கையேட்டிலோ குறித்துள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். பின்னால் ஆளோ பாரமோ ஏறும் வண்டிக்கு அளவு வேறு. என்ஜின் ஆயிலை, தூரம் எட்டாவிட்டாலும், கையேட்டிலுள்ள மாதக் கணக்குப்படி மாற்ற வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் நீங்கி, பெட்ரோலைச் செலுத்தும் பணி மின்னணுக் கருவியிடம் போய்விட்டதால், பேட்டரி முனையிலும் வயர் இணைப்புகளிலும் பச்சைப் பூசணம்போல் படரும் அரிப்பு முன்னைக் காட்டிலும் பெரிய தொல்லை. பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்து சிறிது வாஸ்லின் தடவி வைப்பது நன்று. பெட்ரோல் எரியும்போது நீராவியும் பிறப்பதால், கடைத்தெரு வரை மட்டும் போய் வருகிற வண்டியின் சைலன்ஸர் போதிய சூடேறாமல், உள்ளே தங்கும் நீரால் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. வாரத்தில் ஒருநாள் அதை அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுவது அதற்கு மருந்து. கப்பலுக்குப் போகிறவர்கள், டாங்கியை நிறைய நிரப்பி, பேட்டரியைக் கழற்றி, செயினுக்குத் தாராளமாக எண்ணெயிட்டு, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வாரம் ஒருமுறை சக்கரங்களைச் சுற்றிவிட வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவார்களானால், திரும்பி வரும்போது என் தங்கை மகன் பட்ட துக்கத்தைப் படமாட்டார்கள்.

இனி அலங்காரத்தைப் பற்றி. வண்டியை அழகுபடுத்தும் ஆசையை நான் குறை கூற மாட்டேன். வள்ளத்தின் முகப்பில் மாதாவின் பெயரை வண்ணத்தில் எழுதி, முதல்முறை கடலில் இறக்கும்போது மாலை சூட்டி மகிழ்கிற ஜனங்கள் நாம். தன் உழைப்பால் வாங்கிய பொருளைத் தன் ரசனைக்கு ஏற்பச் சிங்காரிக்கும் உரிமை யாருக்கும் உண்டு. ஆனால் மழமழவென்று தேய்ந்த டயரோடும், பாதி அற்றுப்போன கிளட்ச் கேபிளோடும் ஓடும் வண்டியில், ஊரை எழுப்பும் சைலன்ஸரும், எதிரே வருகிறவனின் கண்ணைக் குருடாக்கும் விளக்கும் பூட்டப்பட்டிருப்பதைப் பார்க்கையில், கிரமம் தலைகீழாகிவிட்டது என்று வருந்தாமல் இருக்க முடியவில்லை. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டத்தை விட்டுவிட்டு நன்மையை மட்டும் பார்த்தாலும், ஒலி மிகுந்த சைலன்ஸரால் வண்டிக்குக் கிடைக்கும் பலன் யாதொன்றும் இல்லை. மருத்துவமனைத் தெருவில் படுத்திருக்கும் நோயாளிக்கு அதனால் விளையும் துன்பமோ பிரத்தியட்சம்.

உண்மையான மேம்பாடு எது என்று கேட்டால், என் பட்டியல் அழகற்றதாகவே இருக்கும். சாலையைப் பற்றும் நல்ல டயர், பழுதற்ற பிரேக், இருபுறமும் கண்ணாடி, சேற்றையும் உப்பையும் தடுக்கும் நீண்ட மட்கார்டு, பின்னால் அமர்வோருக்குக் கைப்பிடி, சாரி கார்டு: இவ்வளவே. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், கைப்பிடியும், கால்வைக்கும் இடமும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123 ஆம் விதி கூறுகிறது. ஆயினும் வண்டி வாங்கிய மறுநாளே, தோற்றத்துக்குக் குறைவு என்று சாரி கார்டைக் கழற்றிப் பரணில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியில்தான் அவர்களுடைய தாயார் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பனிமய மாதா கோயிலுக்கும், மனைவி திருச்செந்தூருக்கும் போகிறார்கள். பறக்கும் முந்தானையைச் சக்கரத்தின் கம்பிகள் இழுத்துக்கொள்ள ஒரு கணம் போதும். ஓட்டுகிறவனின் கண்ணுக்கு அழகாகத் தெரிவதைவிட, அவனை நம்பிப் பின்னால் அமர்கிறவளின் உயிர் பிரதானம் அல்லவா?

தலைக்கவசத்தையும் இப்பட்டியலின் தலையாய பொருளாகவே வைக்கிறேன். மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையின்படி, 2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர்; அவர்களுள் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 44.5 சதவீதம். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அவர்களில் 14,000க்கும் அதிகமானோர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையற்ற தலைக்கவசங்களை விற்பது 2021 ஜூன் முதல் தடைசெய்யப்பட்டிருந்தும், சாலையோரத்தில் பொம்மைபோன்ற தொப்பிகள் இன்னும் விற்கப்படுகின்றன. அவற்றை வாங்குகிறவன் அபராதத்திலிருந்து தப்புவதற்கு விலை கொடுக்கிறானேயன்றித் தன் தலைக்கு விலை கொடுக்கவில்லை. வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து கவசத்தின் வாரையும் கொக்கியையும் அரிப்பதால், அதையும் மாதம் ஒருமுறை துடைத்து உலர்த்திச் சோதிப்பது அவசியம். கொக்கி பூட்டாத கவசம் விழும்போது தலையோடு இருக்காது.

நாம் அனைவரும் ஒருங்கே பாடம் கற்ற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 18 ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு வெள்ளத்தின் நடுவில் நின்றுபோன அந்நாட்களில், மாவட்டம் முழுவதும் வீட்டு வாசல்களில் நின்ற இருசக்கர வாகனங்கள் சேற்று நீரில் மூழ்கிக் கிடந்தன. நீர் வடிந்ததும், வண்டி உயிரோடு இருக்கிறதா என்று அறியும் ஆவலில் பலர் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தார்கள். என்ஜினுக்குள் புகுந்த நீர், அழுத்தத்துக்கு இடம் கொடாத பொருளாகையால், கனெக்டிங் ராடை வளைத்துவிட்டது. கழுவி உலர்த்தியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய வண்டிகள் அந்த ஒரு கணத்தில் பாழாயின. மூழ்கிய வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்யலாகாது. பேட்டரியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்கை நீக்கி, உள்ளே நின்ற நீரை மெதுவாக வெளியேற்றி, ஆயிலை வடித்து, புதிய ஆயிலை ஊற்றிச் சிறிது ஓடவிட்டு மறுபடியும் வடித்து மாற்றி, ஏர் ஃபில்டரையும் பெட்ரோல் டாங்கியையும் சக்கர பேரிங்குகளையும் திறந்து பார்த்த பிறகே அது சாலைக்கு வரலாம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு, வெள்ளச் சேதத்துக்காக அதிலிருந்து ஒரு காசும் கிடைப்பதில்லை என்பதையும் அந்த மழைதான் பலருக்குக் கற்பித்தது. கடலோரத்திலும் ஆற்றோரத்திலும் வசிப்பவர்கள் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் புதுப்பித்துக்கொள்வது நலம்.

இவையெல்லாம் தனிமனிதனின் சிரத்தையால் மட்டும் ஆகிவிடும் என்று நான் எண்ணவில்லை. சமூகத்துக்கும் இதில் கடமை உண்டு. வண்டி செய்யும் நிறுவனங்கள், குஜராத்திலிருந்து குமரி வரையும், குமரியிலிருந்து வங்காளம் வரையும் நீண்டு கிடக்கும் கரையில் தங்கள் வண்டிகள் பல லட்சம் ஓடுவதை அறிந்தவை. கடலோரத்துக்கென்று மாதக் கணக்கில் ஒரு பராமரிப்பு அட்டவணையைத் தயாரித்து, நல்ல தமிழில் அச்சிட்டு, சாவியோடு சேர்த்துக் கையில் கொடுப்பது அவற்றுக்குப் பெரிய பாரம் ஆகாது. 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் துறைமுகத்தின் வாயிலிலும், மீன்பிடித் துறைமுகத்திலும், பெரிய உப்பளங்களின் முகப்பிலும், சுத்திகரித்த நன்னீரைக் கொண்டு தொழிலாளர் தங்கள் வண்டியைத் துடைத்துச் செல்ல ஓர் இடம் அமைத்துக் கொடுக்கலாம். உப்பு லாரிகளும் மீன் லாரிகளும் சாலையில் நீர் ஒழுகவிடாமல் தொட்டி பூட்டிச் செல்ல வேண்டும் என்பதை அதிகாரிகள் கண்டிப்பாக அமல்செய்ய வேண்டும். வழுக்கி விழுவதும் துருவேறுவதும் ஆகிய இரண்டு தீங்குகளும் அதனால் குறையும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருசக்கர வாகனப் பழுது பயிலும் இளைஞர்களுக்குக் கடலோர அரிப்பைப் பற்றித் தனிப் பாடமாகவே கற்பிக்கலாம். கயிற்றைப் பிடித்திருக்கும் மைத்துனனின் ஸ்தானத்தில் இன்று நமக்கு இருப்பவர் தெருமுனை மெக்கானிக். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, அவர் சொன்ன பாகத்தை மாற்றாமல் ஒட்டுப் போடச் சொல்கிறவன், தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறான்.

என் தங்கை மகனின் வண்டி இப்போது ஓடுகிறது. செயின், ஸ்ப்ராக்கெட், சைலன்ஸர், இரண்டு சக்கரங்களின் பிரேக் பாகங்கள் என்று அவன் கொடுத்த தொகையில் ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் துணியும் வாங்கியிருக்கலாம். அவன் மறுபடியும் கப்பலேறிப் போனபின், வாரந்தோறும் அந்தச் சக்கரங்களைச் சுற்றிவிடும் பொறுப்பை என் தங்கை ஏற்றுக்கொண்டிருக்கிறாள். வாசகர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுமுன், ஒரு வாளி நல்ல தண்ணீரோடு உங்கள் வண்டியின் அருகில் அமருங்கள், உப்பைத் துடைத்து, செயினுக்கு எண்ணெயிட்டு, டயரின் காற்றையும் இரண்டு பிரேக்குகளையும் சரிபார்த்து, சாரி கார்டு பரணில் கிடந்தால் அதை எடுத்து மாட்டுங்கள், செய்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, பத்தாம் நாள் மறுபடியும் செயினுக்கு எண்ணெயிடுங்கள்.